ஆறு பெயருக்கு எதிரே இன்டு மார்க்

‘சிம்பிள்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். நல்ல சிரிப்பு இல்லை. அந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள் யாரும் சிம்பிளாக இருந்து நான் பார்த்ததில்லை. இல்லாதவர்கள் அதைச் சொல்வதே இல்லை. உள்ளதை வைத்துக்கொண்டு செய்வார்கள், அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது.

தொண்ணூறுகளின் கடைசியில், லிங்கராஜபுரத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சிம்பிளாக, எல்லாருக்கும் கட்டுப்படியாகிற மாதிரி ஒரு கிறிஸ்துமஸ் பார்ட்டி நடத்த மூன்று அம்மாக்கள் கூடினோம். அதில் நான் ஒருத்தி. என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்வதற்கு முன்னால், அந்த ஸ்கூல் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் நான் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போவேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது பாதியில் நின்றவள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷம். வீட்டில் ஊதுபத்தி உருட்டக் கை வேண்டியிருந்தது. அரைப் பரீட்சை லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. பிறகு கார்மென்ட்ஸில் ஓவர்லாக் மிஷின், பிறகு கல்யாணம், பிறகு மகள். அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க, ஸ்கூல் கேட்டுக்கு எதிரே இருந்த டைப்பிங் கடையில் நானும் அவரும் போய் நின்றோம். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை. அவருக்குக் கையெழுத்து வரும், ஃபார்ம் வராது. கடைக்காரர் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“மதர் எஜுகேஷன்?”

“எட்டு” என்றேன்.

“எட்டுன்னு போட்டா சீட்டு கிடைக்காதும்மா. மதர் படிச்சிருக்கணும்னு கேக்கறாங்க. பி.யு.சி.ன்னு போட்டுடறேன்.”

“ஐயோ, வேணாம் சார்.”

“போடுங்க சார்” என்றார் என் வீட்டுக்காரர்.

மிஷின் மூன்று தட்டு தட்டியது. அந்த மூன்று தட்டில் நான் காலேஜுக்குப் போய் வந்துவிட்டேன்.

சீட்டு கிடைத்தது. அன்றிலிருந்து என் நிம்மதி போனது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பதில்களைத் தயார் செய்துகொண்டேன். எந்த காலேஜ்? ஊர்ல. எந்த குரூப்? ஆர்ட்ஸ். எந்த வருஷம்? அதை விரல் விட்டு எண்ணி ஒரு வருஷத்தை முடிவு செய்தேன், பிறகு அது என் மகள் பிறந்த வருஷத்தோடு ஒத்துவருமா என்று ரேஷன் கியூவில் நின்று இன்னொரு தடவை எண்ணினேன். ஹேண்ட்பேக்கில் இரண்டு பேனா வைத்துக்கொள்வேன், படித்தவள் மாதிரி. இரண்டாம் வகுப்பு வரைக்கும் ஒருத்தரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு தைரியம் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு நேர்மாறாக வேலை செய்தது. இவ்வளவு நாள் கேட்கவில்லையென்றால் பெரிதாகக் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. பொய் சொன்னதற்காக என் பெண்ணின் கையில் டி.சி.யைக் கொடுத்து, எல்லார் முன்னாலும் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். அதை நான் சாம்பார் தாளிக்கும்போது பார்ப்பேன், துணி பிழியும்போது பார்ப்பேன்.

நவம்பர் கடைசியில் டயரியில் ஒரு குறிப்பு வந்தது. மகளைப் படிக்கச் சொன்னேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா வரவும், கிறிஸ்துமஸ் பார்ட்டி கமிட்டி.

போனதும் மிஸ் சொன்ன முதல் வார்த்தை: “நீங்க கிறிஸ்டியன்ஸ்தானே, உங்களுக்கு எல்லாம் தெரியும்.”

அந்த வகுப்பில் இன்னும் நாலு கிறிஸ்தவப் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய அம்மாக்கள் வேலைக்குப் போகிறவர்கள், தப்பித்துக்கொண்டார்கள். நான் வீட்டில் மிஷின் போட்டு ப்ளவுஸ் தைப்பவள். அது இவர்கள் கணக்கில் வேலை இல்லை.

கமிட்டியில் மற்ற இருவர். ஒருத்தர் கான்ட்ராக்டர் வீட்டம்மா. மெயின் ரோட்டில் மூன்று மாடி வீடு, மகளை ஸ்கூலில் விட மாருதி காரில் வருவார். கன்னடம் கலந்த தமிழ். கையை ஆட்டிப் பேசினால் வளையல் சத்தத்தில் பாதிப் பேச்சு காணாமல் போகும். இன்னொருத்தர் பேங்க் மேடம். பேசுவதற்கு முன்னாலேயே நோட்டுப் புத்தகத்தில் கோடு போட ஆரம்பித்துவிடுவார். மூன்று பேரும் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம்.

“நோடி, ரொம்ப சிம்பிளா பண்ணலாம்” என்றார் கான்ட்ராக்டர் வீட்டம்மா. “ஆடம்பரமே வேணாம். எல்லாப் பேரன்ட்ஸும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க பாருங்க.” அப்போது என் பக்கம் பார்த்தார்.

“கரெக்ட்” என்றார் பேங்க் மேடம். “அஃபோர்டபிளா இருக்கணும்.”

பிறகு அந்த சிம்பிள் வளர ஆரம்பித்தது. மரம் ஒன்று வேண்டும், மரம் இல்லாமல் எப்படி. மரம் இருந்தால் சீரியல் லைட். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்கு ஆள் வாடகைக்குக் கிடைக்கிறார்களாம், பஞ்சுத் தாடியோடு. பிள்ளைகள் எல்லாம் சிவப்பும் வெள்ளையும் போட்டுக்கொண்டு வந்தால் போட்டோவில் நன்றாக இருக்கும், சிம்பிளாக. சிவப்பு கவுன் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள் என்று மிஸ் கேட்டார். “ஒரு கவுன்தானே மிஸ், கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல ப்ளாட்ஃபாரத்திலேயே கிடைக்குது” என்று பதில் வந்தது. ‘தானே’ என்பதை இவர்கள் எங்கே கற்றுக்கொள்கிறார்களோ தெரியாது. ஒரு கவுன்தானே, ஒரு கேக்தானே, ஒரு நாள்தானே.

பேக்கரியிலிருந்து வாங்கி வந்த கேக் ஆல்பத்தைக் கான்ட்ராக்டர் வீட்டம்மா விரித்தார். சின்னச் சின்னப் போட்டோக்கள். “இது வேணாம், இந்த ரோஜாவுல பாருங்க, அஞ்சாவது இதழ் உடைஞ்சிருக்கு” என்றார். நான் குனிந்து பார்த்தேன். உடைந்துதான் இருந்தது. என்ன கண் இந்த அம்மாவுக்கு என்று ஆச்சரியப்பட்டேன்.

பிறகு பேங்க் மேடம், தான் எழுதிய லிஸ்டைக் கான்ட்ராக்டர் வீட்டம்மாவிடம் நீட்டினார்.

“நீங்களே படிச்சிடுங்க, கண்ணாடி மறந்துட்டேன்” என்றார் அவர்.

அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. என் பயத்திலேயே நான் மூழ்கியிருந்தேன். லிஸ்டை என்னிடம் நீட்டிவிடப்போகிறார்களோ என்று கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

“கேக் எக்லெஸ்ஸா இருக்கணும்” என்றார் பேங்க் மேடம். “டிசம்பர்ல பாதி வீட்டுல மாலை போட்டிருப்பாங்க.”

“கிறிஸ்டியன்ஸ் நீங்க என்ன சொல்றீங்க? உங்க வீட்ல எப்படிப் பண்ணுவீங்க?” மிஸ் என்னைக் கேட்டார்.

வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு வந்தவள் நான். ஆனால் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த விஷயம். சொல்லிவிட்டேன். எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி ஏதாவது மூடி போட்ட டப்பாவில் கொண்டுவரும். கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற கல்கல், அச்சு முறுக்கு, கடலை, பொரி, எது இருக்கிறதோ அது. முட்டை கூடாது, ஈரம் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பெரிய பேசினில் கொட்டிக் கிளறி, பேப்பரைச் சுருட்டிப் பொட்டலம் போட்டு எல்லாருக்கும் ஒரே அளவு. சில டப்பா காலியாகவும் வரும். மூடியைப் பாதி திறந்து கவிழ்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்தக் காலி டப்பாக்களில் சில என்னுடையவை. அதைச் சொல்லவில்லை.

கான்ட்ராக்டர் வீட்டம்மா வளையல் குலுங்கச் சிரித்தார்.

“ஐயோ, ச்சீ! எல்லார் வீட்டுதும் ஒண்ணா கொட்டியா? யார் வீட்ல எப்படியோ! மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கிற மாதிரி இருக்கே!”

“ஐடியா க்யூட்தான்” என்றார் பேங்க் மேடம். “ஆனா ஹைஜீன் பாக்கணும்.” நோட்டில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

நானும் சிரித்தேன். அதுதான் கேவலம். என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த வாரம் எல்லா வீட்டுக்கும் இங்கிலீஷில் ஒரு சீட்டு போயிற்று. சமோசா, சிப்ஸ், ஜூஸ், பேப்பர் தட்டு, பலூன் என்று வரிசையாக இருந்தது. யார் எதைக் கொண்டுவருவார்களோ டிக் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். என் மகள் படித்துச் சொல்ல நான் பலூனுக்கு டிக் போட்டேன்.

மறுநாள் கேட்டில் ஸ்கூல் ஆயா என்னை மடக்கினாள். அவள் மகளும் அதே வகுப்புதான், பாதி ஃபீஸில் படித்துக்கொண்டிருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு சீட்டை நீட்டினாள்.

“அக்கா, இதுல என்னவோ கேட்டிருக்காங்க. நீங்க படிச்சவங்க, கொஞ்சம் பாத்து சொல்லுங்கக்கா.”

என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு மனப்பாடமே தெரியும். ஆனால் சுற்றிலும் அம்மாக்கள் நின்றார்கள். அவள் விரலை வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டால் நான் எழுத்துக் கூட்ட வேண்டிவரும். பி.யு.சி. எழுத்துக் கூட்டுமா?

“ஒண்ணும் இல்ல, பார்ட்டியாம். மிஸ்ஸைக் கேளு” என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போகிறவள் மாதிரி வேகமாக நடந்தேன். என் வீடு மூன்றாவது சந்தில் இருந்தது. பஸ்ஸே கிடையாது.

இரண்டாம் கூட்டம். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தாறு சீட்டு திரும்பி வந்திருந்தது. பேங்க் மேடம் ஒரு பெரிய வெள்ளை சார்ட் பேப்பரைக் கொண்டுவந்திருந்தார். எல்லாப் பெயரும் எழுதி, எதிரே அந்தப் பிள்ளை என்ன கொண்டுவருகிறது என்று போட்டு, வகுப்புக் கதவில் ஒட்டிவிட வேண்டுமாம். அப்போதுதான் யாரும் மறக்க மாட்டார்கள்.

“மிச்சம் ஆறு பேர்?” என்றார் மிஸ்.

“அவங்களுக்கு எதிர்ல ஒரு இன்டு மார்க் போட்டுடலாம்” என்றார் கான்ட்ராக்டர் வீட்டம்மா. “பாவம், அவங்களைக் கஷ்டப்படுத்த வேணாம். வந்து சாப்பிட்டுப் போகட்டும். நம்ம பிள்ளைங்க கொண்டு வர்றது போதும்.”

“ஸ்வீட் ஆஃப் யூ” என்றார் பேங்க் மேடம்.

பாவம் என்று சொன்னது அந்த வாய். கதவில் ஒட்டி, ஊர் பார்க்க வைத்து, பெயர் வாரியாக எழுதுகிற இரக்கத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதில் ஒரு பெயர் ஆயாவின் மகள். நான் படித்துச் சொல்லாத சீட்டு.

“சார்ட்டை யார் எழுதறது?” என்று மிஸ் கேட்டார்.

பேங்க் மேடத்துக்கு ஆடிட். கான்ட்ராக்டர் வீட்டம்மாவுக்குக் கை வலியாம், போன மாதத்திலிருந்து. மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க பி.யு.சி.தானே?” என்றார் மிஸ். “ஃபார்ம்ல பாத்த ஞாபகம்.”

அந்தக் கேள்விக்காக எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். தலை மட்டும் தானாக ஆடியது. சார்ட் பேப்பரைச் சுருட்டி, பெயர்ப் பட்டியலோடு என் கையில் கொடுத்தார்கள்.

மத்தியானம் மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் தையல் மிஷின் மேல் சார்ட்டை விரித்தேன். நாலு மூலைக்கும் நாலு டம்ளர். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எழுத வரும். பார்த்து வரையத் தெரியும் என்று சொல்வதுதான் சரி. மகள் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் ஸ்கெட்ச் பேனாவால் போட்டேன். ஏழு வயசுப் பிள்ளை டீச்சர், நான் பிள்ளை. “அம்மா, கோணலா போகுது” என்றாள். “அம்மா, இந்த எழுத்துக்குத் தொப்பை பெருசா ஆயிடுச்சு.” திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள்.

பதினேழாவது பெயர் ஆயாவின் மகள். பெயரை எழுதினேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

“இவளுக்கு என்ன போடணும்மா?”

“இன்டு.”

“ஏன்மா? அவ என்ன தப்பு பண்ணா? தப்பு பண்ணவங்களுக்குத்தானே மிஸ் இன்டு போடுவாங்க?”

“கொண்டு வரலைன்னு அர்த்தம்.”

“பார்ட்டியே இன்னும் வரலையே. அதுக்குள்ள எப்படிம்மா கொண்டு வரலை?”

பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன். போடாமல் விட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். ஏன் என்று ஆரம்பித்தால் நீ யார், நீ என்ன படித்தாய் என்று போகும். போட்டுவிட்டால் கதவில் ஒட்டி, அந்தப் பிள்ளை தினமும் அதைத் தாண்டி உள்ளே போகும், அவள் அம்மா தினமும் அந்தக் கதவைத் துடைப்பாள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே. அதுதான் என்னை உலுக்கியது. அவள் அந்தக் கதவை நன்றாகத் துடைப்பாள்.

சார்ட்டைச் சுருட்டினேன். நல்லவள் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை வருஷம் இந்தப் பெண்களைப் பார்த்துத் தலையாட்டுவது? அலுத்துவிட்டது. தைரியத்தைவிட அலுப்பு எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மறுநாள் ஸ்கூல் விட்டதும், மிஸ் தனியாக ரிப்போர்ட் கார்டு எழுதிக்கொண்டிருந்தபோது போனேன். மகளை வெளியே ஆயாவோடு நிற்க வைத்தேன். சார்ட்டை மேஜை மேல் வைத்தேன்.

“மிஸ், என்னால எழுத முடியாது. நான் பி.யு.சி. இல்லை. எட்டாவதுகூட முழுசா இல்லை. ஃபார்ம்ல இருக்கிறது பொய். பாப்பாவை மட்டும் அனுப்பிடாதீங்க. அவ நல்லாப் படிக்கறா.”

ஒரே மூச்சில் சொன்னேன். மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

“எதிர்க்கடை டைப்பிங்தானே? ஐயோ மேடம், அந்த ஆள் எல்லாருக்கும் பி.யு.சி.தான் போடுவான்! இந்த கிளாஸ்ல பாதி மதர்ஸ் பி.யு.சி. ஆபீஸ்ல வச்சு நாங்க சிரிப்போம்.”

“அப்போ பாப்பா…?”

“பாப்பாவுக்கு என்ன? ஃபீஸ் டயத்துக்குக் கட்டறீங்க இல்ல? அப்புறம் யாருக்கு என்ன?” குனிந்து, ரகசியம் போல, “உங்க கமிட்டி மேடமும் அந்தக் கடைதான். ரிப்போர்ட் கார்டு கொடுத்தா இங்க ஒரு நாளும் படிக்க மாட்டாங்க, கையெழுத்து வீட்ல போட்டு அனுப்புவாங்க. ஆறாவதோ ஏழாவதோ” என்றார்.

ரோஜாவின் ஐந்தாவது இதழ் ஞாபகம் வந்தது. மறந்துபோன கண்ணாடி. போன மாதத்திலிருந்து கை வலி.

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து சிரிப்பதற்காகவா நான் இத்தனை வருஷம் சாம்பாரைத் தீயவிட்டேன்? அந்த மூன்று தட்டுக்குப் பயந்து நான் ஒரு ஆயாவுக்கு ஒரு சீட்டைப் படித்துச் சொல்லவில்லை. இந்த மிஸ்ஸோ, யார் யாருக்கு என்ன தெரியாது என்று தெரிந்துகொண்டே பேனாவை நீட்டி வேடிக்கை பார்த்தவர். மிஸ், கான்ட்ராக்டர் வீட்டம்மா, நான், இந்த மூவரில் யாரை அதிகம் வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“சரி, சார்ட்டை என்ன பண்றது? எனக்கு நாற்பத்திரண்டு கார்டு பாக்கி” என்றார் மிஸ். கொட்டாவி விட்டார். “அன்னிக்கு ஏதோ சொன்னீங்களே, பேசின்ல கொட்டறதுன்னு. அதையே பண்ணிடுங்க. டயரில ஒரு வரி எழுதிடறேன். எனக்கு வேலை மிச்சம்.”

இப்படித்தான் அந்த பார்ட்டி முடிவானது. மிஸ்ஸுக்குச் சோம்பல் வந்தது, அவ்வளவுதான். யார் மனசும் மாறவில்லை. கான்ட்ராக்டர் வீட்டம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மரமும் தாத்தாவும் தன் செலவு என்று சொல்லி சமாதானமானார்.

அன்றைக்குக் கேட்டை விட்டு வெளியே வரும்போது ஆயாவிடம் நானே போய்ச் சொன்னேன். “வெள்ளிக்கிழமை பார்ட்டி. ஏதாவது ஒரு கைப்பிடி, மூடி போட்ட டப்பாவுல. முட்டை வேண்டாம். வெறும் டப்பாவா இருந்தாலும் பரவாயில்ல.”

“வெறும் டப்பாவை எதுக்குக்கா அனுப்பறது?” என்று முகத்தைச் சுளித்தாள். “பொரி இருக்குது வீட்ல. என் பொண்ணு என்ன பிச்சைக்காரியா?”

வாங்கிக் கட்டிக்கொண்டேன். சரியாகத்தான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சபையிலிருந்து பேசினைத் தூக்கிக்கொண்டு போனேன். முந்தின நாள் புதுச் சீப்பின் முதுகில் தேய்த்து உருட்டிப் பொரித்த கல்கல் என் டப்பாவில் இருந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து கொட்டினார்கள். முறுக்கு, பொரி, அவல் மிக்ஸர், நிப்பட்டுத் தட்டை, பொட்டுக்கடலை, யாரோ வீட்டுச் சீடை. மாலை போட்ட வீட்டுப் பிள்ளையும் கொட்டினது. இரண்டு டப்பா சத்தமே இல்லாமல் கவிழ்ந்தது. நான் உடனே கரண்டியை விட்டுக் கிளறினேன். பாதிப் பிள்ளைகள் சிவப்பு, பாதிப் பிள்ளைகள் தீபாவளிச் சட்டை. கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்த ஆளுக்கு ஜலதோஷம். தாடிக்குள் தும்மினார், ஹைஜீன் பற்றி யாரும் பேசவில்லை.

கான்ட்ராக்டர் வீட்டம்மா இரண்டு பொட்டலம் தின்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளே வந்ததும் பேசினைக் காட்டி, “நான்தான் மேடம் முதல்லயே சொன்னேன், சிம்பிளா பண்ணலாம்னு” என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு கவரை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். கமிட்டிக்கு நன்றிக் கடிதம், இங்கிலீஷில் டைப் அடித்தது. மிஸ் அதைப் பிரித்தார், ஒரு கணம் யோசித்தார், பிறகு கான்ட்ராக்டர் வீட்டம்மாவிடம் நீட்டினார். உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் பார்த்தேன்.

“நீங்களே படிங்க மேடம். கமிட்டி ஹெட் நீங்கதானே.”

பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். அந்த அம்மா கடிதத்தைக் கையில் வாங்கினார். வளையல் சத்தமே வரவில்லை. பேங்க் மேடம் கேமராவில் ரோல் மாட்டிக்கொண்டிருந்தார், அவரிடம் தள்ள முடியவில்லை. கடிதம் மெல்ல என் பக்கம் வந்தது.

“கண்ணாடி மறந்துட்டேன். நீங்க படிச்சிடுங்க.”

என் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. ரோஜா இதழ் தெரியற கண்ணுக்கு எழுத்து தெரியாதா மேடம்? அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். கழனித்தண்ணிக்கும் பாவம் என்றதற்கும் சேர்த்து வட்டியோடு தீர்ந்திருக்கும். மிஸ் அதற்காகத்தான் காத்திருந்தார்.

அந்த அம்மாவின் மகள் பக்கத்தில் நின்றது. அம்மாவின் புடவைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பொட்டலம். வாய் ஓரத்தில் பொரி ஒட்டியிருந்தது. அம்மாவை அண்ணாந்து பார்த்தது.

கடிதத்தை வாங்கினேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். நாலு வரிதான். இரண்டு இடத்தில் நின்றேன். ஒரு வார்த்தையை என் மகள் முன் பெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

முடித்ததும் கான்ட்ராக்டர் வீட்டம்மாவின் வளையல் திரும்ப உயிர் பெற்றது.

“ஏன்ரீ, பி.யு.சி.ல இங்கிலீஷ் இல்லையா உங்களுக்கு?” என்று சிரித்தார். பேங்க் மேடம் கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். மிஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

“நான் எட்டாவது மேடம்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவளுக்குத் தெரியுமோ என்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன், அத்தனை வருஷம் கண்ணாடியில் பார்த்தது.

அவரை நான் மன்னித்தேன் என்று எழுத ஆசைதான், அது உண்மையில்லை. இன்றைக்கும் அவர் மேல் எனக்கு ஒரு சொட்டு மரியாதை கிடையாது. பேசினைக் கழுவித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்து வீட்டுக்கு நடந்தேன். பின்னால் மாருதி ஹாரன் அடித்தது. ஒதுங்கி வழி விட்டேன். கண்ணாடி இறங்கி, “டிராப் பண்ணட்டுமா?” என்று குரல் கேட்டது. இதற்கு முன்னால் ஒரு நாளும் கேட்டதில்லை.

“வேணாம் மேடம், பக்கத்துலதான்” என்றேன்.